ஜெயிக்கிற கையை எப்போது கீழே வைப்பது

ரம்மி ஆடியவர்களுக்கு ஸ்கூட் தெரியும். 13 சீட்டையும் விரித்துப் பார்த்ததும் ஜோக்கரும் இல்லை, ஒரு சீக்வென்ஸ் சேரும் வழியும் இல்லை என்றால் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்போம். முதலிலேயே இறங்கினால் 20 பாயின்ட், நடுவில் இறங்கினால் 40, கடைசி வரை உட்கார்ந்து மாட்டிக்கொண்டால் 80 வரை போகும். மோசமான கையை விடுவதற்கு இந்தக் கணக்கு போதும். விட்டதற்காக யாரும் வருத்தப்படுவதும் இல்லை.

நோ-லிமிட் போக்கரில் பணம் போவது அந்த மாதிரிக் கைகளில் இல்லை. 7-2 வந்தால் எல்லோரும்தான் ஃபோல்ட் பண்ணுகிறார்கள், அதாவது கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். மொத்த சிப்ஸும் போவது ஜோடி ஏஸ் வந்த கையில், செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) அமைந்த கையில், ஃப்ளஷ் (ஒரே சாதியில் ஐந்து சீட்டு) சேர்ந்த கையில். நூற்றில் தொண்ணூறு தடவை ஜெயிக்கும் கை, அந்த ஒரு தடவை மட்டும் இரண்டாவதாக நிற்கும். அதை எப்போது கீழே வைப்பது என்பதுதான் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறேன். பல வருடங்களாக வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு கார்டு ரூமில் ஆடிவருகிறேன். இந்தக் கேள்வியைப் பற்றி எனக்கு இப்போது ஒரு தெளிவான கருத்து இருக்கிறது, அதை எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. டெக்ஸஸ் ஹோல்டெமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூடிய சீட்டு. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டைத் திறப்பார்கள், அது ஃப்ளாப். அப்புறம் ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஏழு சீட்டில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சுற்று பெட் உண்டு. எதிராளி போட்டதற்குச் சமமாகப் போடுவது கால், அதற்கு மேல் ஏற்றுவது ரைஸ். நடுவில் சேரும் பணம் பாட், திறந்து கிடக்கும் சீட்டுகள் போர்டு. நோ-லிமிட் என்றால் எந்தச் சுற்றிலும் உங்கள் முன்னால் இருக்கும் சிப்ஸ் முழுவதையும் தள்ளலாம், அதுதான் ஆல்-இன்.

இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. லிமிட் ஆட்டத்தில் பெட்டின் அளவு முன்பே முடிவானது. பாட்டில் 200 டாலர் கிடக்க எதிராளி 20 டாலர் போட்டால், நீங்கள் 12-இல் ஒரு தடவை ஜெயித்தாலே கால் பண்ணியது நஷ்டமில்லை. அங்கே நல்ல கையை ஃபோல்ட் பண்ணுவது பெரும்பாலும் தப்பு. நோ-லிமிட்டில் அதே 200 டாலர் பாட்டுக்கு எதிராளி 200 போட்டால் மூன்றில் ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். 400 போட்டால் ஐந்தில் இரண்டு தடவை. பெட் பெரிதாக ஆக, உங்கள் கை நல்லதா என்ற கேள்வி பின்னால் போய், இவ்வளவு பணத்தை இவர் எந்தக் கைகளோடு போடுவார் என்ற கேள்வி முன்னால் வந்துவிடுகிறது.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது 2017 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு கை. உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட், முதல் நாள், முதல் லெவல். 10,000 டாலர் கட்டினால் அந்த வருடம் 50,000 சிப்ஸ் கொடுத்து உட்கார வைத்தார்கள். சிப்ஸ் முடிந்தால் வெளியே. அந்த மேசையில் வனெஸா செல்ப்ஸ்ட் இருந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், அந்தத் தொடரில் மூன்று பட்டங்கள் வாங்கியவர். எதிரே பிரான்ஸைச் சேர்ந்த கயெல் பௌமன். செல்ப்ஸ்டுக்கு ஜோடி ஏஸ். ஃப்ளாப் ஏஸ்-7-5. மூன்று ஏஸ் அமைந்துவிட்டது. டர்னில் இன்னொரு 7. இப்போது மூன்று ஏஸும் இரண்டு 7-ம் சேர்ந்த ஃபுல் ஹவுஸ். ரிவரில் 4. செல்ப்ஸ்ட் பெரிய பெட் போட்டார். பௌமன் ஆல்-இன் என்றார்.

அந்த போர்டில் செல்ப்ஸ்டின் கையைத் தோற்கடிக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: மீதி இரண்டு 7-ம் பௌமனிடம் இருந்து நான்கு 7 சேர வேண்டும். சீட்டுக்கட்டில் அதற்கு ஒரே ஒரு சேர்க்கைதான். செல்ப்ஸ்ட் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கால் பண்ணினார். பௌமனிடம் இரண்டு 7-ம் இருந்தன. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், வருடத்தின் மிகப் பெரிய போட்டியில் முதல் லெவல் முடிவதற்குள் எழுந்து போனார்.

இதைப் பார்த்த பலரும் ‘அவர் ஃபோல்ட் பண்ணியிருக்க வேண்டும்’ என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எண்ணிப் பார்ப்போம். ஜோடி 5 மூன்று விதமாக வரலாம், ஜோடி 4 மூன்று விதமாக. ஏஸ்-7? செல்ப்ஸ்டிடம் இரண்டு ஏஸ், போர்டில் ஒன்று, மிச்சம் ஒரே ஒரு ஏஸ். 7 இரண்டு மிச்சம். ஆக இரண்டு விதம். இவை எல்லாமே ஃபுல் ஹவுஸ்தான், எல்லாமே செல்ப்ஸ்டிடம் தோற்கும். தோற்கும் கைகள் எட்டு, ஜெயிக்கும் கை ஒன்று. பௌமன் எச்சரிக்கையான ஆட்டக்காரர், ஜோடி 4-ஐயும் 5-ஐயும் வைத்துக்கொண்டு இங்கே ஆல்-இன் போக மாட்டார் என்று அந்த ஆறையும் நீக்கிவிட்டாலும் ஏஸ்-7 இரண்டு நிற்கிறது. இரண்டுக்கு ஒன்று இன்னமும் செல்ப்ஸ்ட் பக்கம்தான். பாட்டில் அவ்வளவு சிப்ஸ் சேர்ந்துவிட்ட பிறகு அந்தக் கையைக் கீழே வைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அவர் சரியாகத்தான் ஆடினார், சீட்டு அப்படி விழுந்தது.

போக்கர்காரர்கள் ஸீபோ தேற்றம் என்று ஒன்று சொல்வார்கள்: ஃபுல் ஹவுஸ் அமைந்த யாராலும், எவ்வளவு பெரிய பெட் வந்தாலும், ஃபோல்ட் பண்ண முடியாது. டேனியல் நெக்ரானு எதிராளியின் இரண்டு சீட்டையும் வாய்விட்டுச் சொல்லி அசத்துவதற்குப் பெயர் போனவர். அவரே ஒரு தொலைக்காட்சி ஆட்டத்தில் ஜோடி 6 வைத்துக்கொண்டு கஸ் ஹான்சனிடம் மாட்டினார். போர்டு 9-6-5-5-8. ஹான்சனிடம் ஜோடி 5, அதாவது நான்கு 5. பாட் 5,75,700 டாலர் வரை போனது. அவரும் கால்தான் பண்ணினார். அதிலும் நான் குறை காணமாட்டேன்.

அப்படியென்றால் ஃபோல்ட் எங்கேதான் வருகிறது? என் அனுபவத்தில், இந்த மாதிரி ராட்சதக் கைகளில் இல்லை. அதற்கு ஒரு படி கீழே, ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, சில சமயம் செட், அங்கேதான் நிஜமான முடிவுகள் இருக்கின்றன. நான் எப்போதும் சொல்லிக் காட்டும் ஒரு கையை விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு-ஐந்து டாலர் மேசை, அதாவது கை தொடங்கும்போது இருவர் கட்டாயமாகப் போடும் ப்ளைண்ட் 2, 5 டாலர். எனக்கு ஜோடி ஏஸ். 25 டாலருக்கு ரைஸ் பண்ணினேன். நடுவில் ஒருவர், பிக் ப்ளைண்டில் இருந்த பெரியவர் ஒருவர், இரண்டு பேரும் கால். பாட்டில் சுமார் 75 டாலர். பெரியவரை எனக்கு மேசைப் பழக்கத்தில் தெரியும். ஓய்வு பெற்றவர், நிதானமாக ஆடுவார், ரைஸ் பண்ணுவது அபூர்வம். ஜோடி ஜாக்கி வந்தால்கூடக் கால் பண்ணிவிட்டு ஃப்ளாப்புக்குக் காத்திருப்பார். எங்கள் இரண்டு பேர் முன்னாலும் ஆயிரம் டாலர் இருக்கிறது.

ஃப்ளாப் ஜாக்கி-8-4, மூன்றும் மூன்று சாதி. நான் 50 போட்டேன். நடுவில் இருந்தவர் போய்விட்டார், பெரியவர் கால். பாட் 175. டர்னில் 3. ஒன்றும் மாறவில்லை. நான் 110 போட்டேன். பெரியவர் கொஞ்சமும் பதறாமல் சிப்ஸை எண்ணி 350 என்றார்.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, ‘என்னை ஜெயிக்கும் கை அவரிடம் இருக்குமா?’ அந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை. ஜெயிக்கும் கை எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். பயந்தவன் அதைப் பார்த்து ஃபோல்ட் பண்ணுவான், துணிந்தவன் அதைப் பார்க்காமல் கால் பண்ணுவான். கேட்க வேண்டியது வேறு: என்னிடம் தோற்கும் எந்தக் கையோடு இந்த மனிதர் இந்தப் பணத்தைப் போடுவார்?

ஏஸ்-ஜாக்கியோடு ரைஸ் பண்ணுவாரா? மாட்டார், கால் பண்ணுவார். ராஜா-ஜாக்கி? அதுவும் கால். ஸ்ட்ரெயிட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) காத்திருக்கும் 10-9, ஒரே சாதியில் நான்கு விதமாக வரலாம். அதை வைத்துக்கொண்டு ரைஸ் பண்ணி நான் அவரைப் பார்த்ததில்லை. இருந்தாலும் தாராளமாக பாதி சேர்த்து இரண்டு என்று வைத்தேன். இப்போது எதிர்ப்பக்கம்: ஜோடி ஜாக்கி மூன்று, ஜோடி 8 மூன்று, ஜோடி 4 மூன்று. ஒரே சாதி ஜாக்கி-8 இரண்டு. மொத்தம் 11. ஜோடி 3 ஃப்ளாப்பிலேயே போயிருக்கும்.

பதினொன்றுக்கு இரண்டு. நூற்றுக்குப் பதினைந்து. கால் பண்ண நான் போட வேண்டியது 240, பாட்டில் இருந்தது 635. நூற்றில் 27 தடவையாவது ஜெயித்தால்தான் கட்டும். அதோடு இது முடிவும் இல்லை. ரிவரில் மிச்சம் 575 டாலருக்கும் ஒரு கேள்வி வரப்போகிறது. செட்டிடம் மாட்டியிருந்தால் என்னைக் காப்பாற்ற கட்டில் இரண்டே இரண்டு ஏஸ்தான் மிச்சம்.

ஃபோல்ட் பண்ணினேன். அவர் சீட்டைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு என்னோடு வந்திருந்த கோயம்புத்தூர் நண்பன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், திரும்பும் வழியில் காரில் விடவே இல்லை.

“அண்ணா, ரெண்டு ஏஸை எப்படிண்ணா கீழ வச்சீங்க? எனக்கெல்லாம் மனசே வராது.”

“நாம எந்தக் கையை ஜெயிக்கிறோம், அதைச் சொல்லு.”

“ராஜா-ஜாக்கி?”

“அதை வச்சுக்கிட்டு அவர் ரைஸ் பண்ணி நீ பார்த்திருக்கியா?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “இல்லண்ணா. ஆனா எனக்கு எதிர்ல இப்படி நடந்திருந்தா?”

நல்ல கேள்வி. அவன் ஆட்டம் வேறு. அந்த ரைஸை அவன் போட்டிருந்தால் 10-9 நான்கும் வரும், ராணி-10 ஒரே சாதி நான்கும் வரும், ஏஸ்-ஜாக்கியை வைத்துக்கொண்டு, நான் ப்ளஃப் பண்ணுகிறேன் (கை இல்லாமல் மிரட்டுகிறேன்) என்று நினைத்து ரைஸ் பண்ணவும் செய்வான்; அது ஆறு விதம், ஏனென்றால் இரண்டு ஏஸ் என்னிடம் இருக்கிறது. மொத்தம் 14. எதிர்ப்பக்கம் அதே 11. அதே சீட்டு, அதே போர்டு, அதே 350 டாலர். பெரியவருக்கு ஃபோல்ட், இவனுக்குக் கால். இதைக் காரிலேயே விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். எதிராளி யார் என்று தெரியாமல் ‘ஜோடி ஏஸை ஃபோல்ட் பண்ணலாமா’ என்று யாராவது கேட்டால் அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

ஆன்லைனில் பழகியவர்கள் பலூகா தேற்றம் என்று ஒன்றைச் சொல்வார்கள். டர்னில் உங்களுக்கு எதிராக ரைஸ் வந்தால், ஒரு ஜோடிக் கையை முதலிலிருந்து மறுபடி மதிப்பிடுங்கள் என்பது அதன் சாரம். ஃபோல்ட் பண்ணியே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை, அதனால்தான் அதை நான் மதிக்கிறேன். டர்ன் என்பதற்கும் காரணம் உண்டு. ஃப்ளாப்பில் பாட் சின்னது. சும்மா மிரட்டிப் பார்ப்பதற்கும் ரைஸ் வரும். டர்னில் பணம் இரட்டிக்கும். ரிவருக்குப் போய் ஃபோல்ட் பண்ணுகிறவர் பெரும்பாலும் டர்னில் தெரிந்துகொண்டதற்கே இன்னொரு தடவை காசு கொடுத்தவர். மேலே சொன்ன கையில் நான் 240-ஐக் கால் பண்ணிவிட்டு ரிவரில் 575-க்கு ஃபோல்ட் பண்ணியிருந்தால், பார்ப்பவர்களுக்கு அது பெரிய ஃபோல்டாகத் தெரிந்திருக்கும். உண்மையில் அது 240 டாலர் வீண்.

சரி, ஃப்ளாப்புக்கு முன்னால் என்ன? ஜோடி ராஜாவை ஃபோல்ட் பண்ணினேன், எதிரே ஜோடி ஏஸ் இருந்தது என்று சொல்லிக்கொள்ளும் ஆள் ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் இருப்பார். உங்களிடம் ஜோடி ராஜா இருக்கும்போது குறிப்பிட்ட ஒரு எதிராளியிடம் ஜோடி ஏஸ் இருக்க வாய்ப்பு 1225-இல் 6, அதாவது அரை சதவீதம். ஒன்பது பேர் மேசையில் மற்ற எட்டு பேரில் யாரிடமாவது இருக்க சுமார் 4 சதவீதம். ஆனால் நீங்கள் ரைஸ், அவர் ரீ-ரைஸ், நீங்கள் மறுபடி, அவர் ஆல்-இன் என்று போன பிறகு இந்த 4 சதவீதத்துக்கு மதிப்பு இல்லை. அவர் ஜோடி ஏஸ், ஜோடி ராஜா, ஜோடி ராணி, ஏஸ்-ராஜா நான்கோடும் ஆல்-இன் போகிறவர் என்றால் 6, 1, 6, 8 என மொத்தம் 21 சேர்க்கை. அவற்றுக்கு எதிராக உங்கள் ஜோடி ராஜா சுமார் 57 சதவீதம் ஜெயிக்கும். அவர் ஜோடி ஏஸோடும் ஜோடி ராஜாவோடும் மட்டும்தான் போவார் என்றால் 23 சதவீதத்துக்கும் கீழே விழுந்துவிடும். ஆளுக்குப் பிக் ப்ளைண்டைப் போல் 100 மடங்கு சிப்ஸ் இருக்கும் சாதாரணமான மேசையில் எனக்குத் தெரிந்த அநேகமாக எல்லோரும் முதல் வகை. அதனால் நான் ஃபோல்ட் பண்ணுவதில்லை. அதுவே 500 மடங்கு இருக்கும் மேசையில், ஒரு ராத்திரி முழுக்க ஒரு தடவைகூட ரீ-ரைஸ் பண்ணாத ஒருவர் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளினால் பண்ணுவேன்.

டோர்னமென்டில் இதற்குள் இன்னொரு கணக்கு புகுகிறது. 2018 மெயின் ஈவென்டில் பத்து பேர் மிச்சமிருந்தபோது ஒரே கையில் நிக்கோலஸ் மேனியனுக்கு ஜோடி ஏஸ், ஆந்த்வான் லபாவுக்கு ஜோடி ராஜா, ரிச் ஸூவுக்கும் ஜோடி ராஜா. மூவரின் சிப்ஸும் நடுவுக்கு வந்தது. ஸூ பத்தாவது இடத்தில் வெளியேறி 8,50,025 டாலர் வாங்கினார். கொஞ்சம் சிப்ஸோடு தப்பிய லபா பிறகு ஒன்பதாவதாக வெளியேறி 10 லட்சம் டாலர் வாங்கினார். முதல் பரிசு 88 லட்சம். அந்த மேசையில் இழக்கும் சிப்ஸின் மதிப்பு, ஜெயிக்கும் சிப்ஸின் மதிப்பைவிடப் பெரியது. இன்னொருவர் வெளியே போனாலே உங்கள் பரிசு ஏறும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். அதனால் நிஜப் பணத்துக்கே ஆடும் கேஷ் மேசையில் 40 சதவீதம் இருந்தால் போதும் என்கிற இடத்தில் அங்கே அதைவிட நிறைய வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கு மேல் ஆல்-இன் போகும் அந்த மாதிரி இடம்தான் டோர்னமென்டில் ஜோடி ராஜாவைக் கீழே வைக்க எனக்குத் தோன்றும் ஒரே இடம். அங்கே உட்கார்ந்திருந்தால் எனக்கும் கை நடுங்கியிருக்கும். இன்னொரு ஜோடி ராஜா இருக்கும் என்று யார் எண்ணுவார்கள்? ஒரே ஒரு சேர்க்கை அது.

எண்ணத் தெரிந்தவர் ஃபோல்ட் மட்டுமே பண்ணிக்கொண்டிருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. 2003 மெயின் ஈவென்டின் கடைசி இரண்டு பேர்: டென்னஸியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹா. 839 பேரில் மிஞ்சியவர்கள். ஒரு கையில் போர்டு 9-2-6-8-3 என்று வந்தது, 9, 6, 8 மூன்றும் ஸ்பேட். மணிமேக்கரிடம் ஸ்பேட் ராஜாவும் வேறு சாதி 7-ம். டர்னில் ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெயிட்டுக்கும் சேர்த்துக் காத்திருந்தார், ரிவரில் இரண்டும் தவறியது. எதுவுமே இல்லாத கையோடு ஆல்-இன் போனார். ஃபார்ஹாவிடம் ராணி-9, டாப் பேர், அதாவது போர்டின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி. இரண்டு பேர் ஆட்டத்தில் அது பெரிய கை. ஃப்ளஷ் தவறிவிட்டதா என்று வாய்விட்டே கேட்டார், உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு ஃபோல்ட் பண்ணினார். மணிமேக்கர் போட்டியை ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கினார்.

இந்தக் கையைப் பெரியவரின் கையோடு வைத்துப் பார்க்கிறேன். ஜாக்கி-8-4-3, மூன்று சாதி. தவறிப்போக அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. 9-6-8 மூன்று ஸ்பேட். அங்கே ஒற்றை ஸ்பேட் உள்ள எந்தக் கையும், 7 உள்ள பெரும்பாலான கைகளும், 10 உள்ள சில கைகளும் ஏதோ ஒன்றுக்குக் காத்திருந்து தவறியிருக்கலாம். தவறிய கைகள் நிறைய இருக்கும் போர்டில் ப்ளஃபும் நிறைய இருக்கும். ஒரு ஜோடிதான் இங்கும், ஒரு ஜோடிதான் அங்கும். ஃபார்ஹா சந்தேகப்பட்டது சரியான இடத்தில். அந்த நாள், அந்தப் பணம், எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்த புது ஆள், எல்லாம் சேர்ந்து அவரைக் கீழே வைக்க வைத்தது என்றுதான் நினைக்கிறேன்.

கணினிகள் வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி, சிப்ஸ் கணக்கில் 17,66,250 டாலர் முன்னிலையில் முடித்தது. அது செய்த விஷயங்களில் எல்லோரும் பேசியது, பாட்டைவிடப் பல மடங்கு பெரிய பெட்டுகள். 200 கிடக்கும் பாட்டுக்கு 1000 போட்டால், ஒரு ஜோடிக் கையும் இரண்டு ஜோடிக் கையும் ஒரே தரத்துக்கு வந்துவிடுகின்றன. இரண்டும் ப்ளஃபை மட்டும்தான் ஜெயிக்கும், உண்மையான கையிடம் இரண்டும் தோற்கும். அப்போது உங்கள் கை எவ்வளவு வலுவானது என்பதைவிட, உங்கள் கையில் இருக்கும் ஒரு சீட்டு எதிராளியிடம் இருக்க முடியாது என்பது முக்கியமாகிவிடும். ஃப்ளஷ் போர்டில் அந்தச் சாதி ஏஸ் உங்களிடம் இருந்தால் அவரிடம் மிகப் பெரிய ஃப்ளஷ் இல்லை. இன்றைக்கு இளைஞர்கள் சால்வரில் (சரியான ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) உட்கார்ந்து இதைத்தான் மணிக்கணக்கில் படிக்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இயந்திரம் யாரும் சுரண்ட முடியாத ஒரு சமநிலைக்கு ஆடுகிறது, என் மேசைப் பெரியவர் அப்படி ஆடுவதில்லை. ப்ளஃபே பண்ணாத ஒருவருக்கு எதிராக ‘இத்தனை சதவீதம் கால் பண்ணியே ஆக வேண்டும்’ என்ற விதிக்கு அர்த்தம் இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் இது ஏன் கஷ்டமாக இருக்கிறது? ஜோடி ஏஸ் 221 கைக்கு ஒரு தடவை வரும். கார்டு ரூமில் டீலர் மணிக்கு முப்பது கை போட்டால் அதிகம். அதாவது ஏழு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தால் சராசரியாக ஒரு தடவை. ராத்திரி எட்டு மணியிலிருந்து ஜாக்கி-3, 9-4 என்று கீழே வைத்துக்கொண்டே வந்தவனுக்கு இரண்டு மணிக்கு ஜோடி ஏஸ் வருகிறது. காத்திருந்த அத்தனை நேரத்துக்கும் கூலி இது என்று மனசு முடிவு பண்ணிவிடுகிறது. ஆனால் டர்னில் ரைஸ் பண்ணும் பெரியவருக்கு நான் எத்தனை மணி நேரம் காத்திருந்தேன் என்பது தெரியாது. தெரிந்தாலும் அவர் கையில் இருக்கும் செட் அதனால் மாறப்போவதில்லை. சீட்டை முதல் தடவை தூக்கிப் பார்க்கும் அந்த நொடியிலேயே, இது இப்போதைக்கு முன்னால் இருக்கும் கை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. எனக்கு உண்மையில் உதவியது அதுதான்.

இன்னொரு கஷ்டம், சரியாகப் பண்ணினோமா என்பது தெரியவே தெரியாது. கால் பண்ணினால் விடை உடனே மேசையில் திரும்பும். ஃபோல்ட் பண்ணினால் சீட்டு டீலரின் கைக்குப் போய்விடும், அவ்வளவுதான். பெரியவரிடம் அன்றைக்கு என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால்தான் பலர் பெரிய கையை ஃபோல்ட் பண்ணும்போது திறந்து காட்டுகிறார்கள். ‘பாருங்கள், ஜோடி ஏஸையே விட்டேன்’ என்று. யாராவது ‘நல்ல ஃபோல்ட்’ என்று சொல்ல வேண்டும், முடிந்தால் எதிராளியும் தன் சீட்டைக் காட்ட வேண்டும்.

அதை மட்டும் நான் செய்வதில்லை, நண்பனிடமும் செய்யாதே என்று சொல்லியிருக்கிறேன். ஜோடி ஏஸைக் கீழே வைக்கக்கூடிய ஆள் என்று தெரிந்துவிட்டால் மேசையில் இருக்கும் ஒவ்வொருவரும் அடுத்த ஒரு மணி நேரம் டர்னில் உங்கள் மேல் ரைஸ் பண்ணிப் பார்ப்பார்கள், பெரியவர் உட்பட. நீங்கள் இத்தனை நாள் அவரைப் பற்றிச் சேர்த்து வைத்த கணக்கு, பதினொன்றுக்கு இரண்டு என்பது, அன்றிலிருந்து செல்லாது. அவன் என் பேச்சைக் கேட்டான். அடுத்த வாரம் ஜாக்கி செட்டை ஒரு நான்கு-ஸ்பேட் போர்டில் ஃபோல்ட் பண்ணிவிட்டு, சீட்டை மூடியபடியே டீலரிடம் தள்ளினான். வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு மட்டும் சொன்னான், எந்தெந்தக் கைகளை எண்ணினான் என்று.